எந்த நாலு பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காந்தம் சூடேறினால் ஏன் காந்தத்தன்மையை இழக்கிறது என்பதில் தொடங்கி, டெல்டா விவசாயிகள் எல்லாரும் ஒரே வாரத்தில் குறுவைக்கு இறங்குவது ஏன் என்பதில் போய் முடிந்த உங்கள் ஞாயிறு இணைப்பின் அரைப்பக்கக் கட்டுரையை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில், ஏனென்றால் ஐசிங் மாதிரி (காந்தத்துக்குள் நடப்பதைக் கணக்காகக் காட்டும் எளிய மாதிரி) என்ற பெயரைத் தமிழ் நாளிதழ் ஒன்றில் நான் பார்ப்பது இதுதான் முதல் முறை. இரண்டாவது தடவை பென்சிலோடு. மூன்றாவது தடவை எரிச்சலோடு, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதானால் கடைசியில் வெட்டுங்கள், நடுவில் கை வைத்தால் கணக்கு புரியாமல் போய்விடும்.

கட்டுரை சொன்னது இவ்வளவுதான்: ஒவ்வொருவருக்கும் எத்தனை பேர் அக்கம்பக்கம் என்பதை வைத்தே மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் சாயுமா சாயாதா என்று சொல்லிவிடலாம், நாலு பேர் இருந்தால் சாய்ந்துவிடும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தே பாதி ஆயுளைக் கழிக்கிறவர்கள் நாம். ஆனால் எந்த நாலு பேர் என்று கட்டுரை கேட்கவே இல்லை, விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் காந்தம். நான் பள்ளியில் இயற்பியல் நடத்திய காலத்தில் பிள்ளைகளைப் பக்கத்துக் கொல்லுப்பட்டறைக்கு அழைத்துப் போவேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நீளக் கம்பியில் கட்டி எடுத்துக்கொள்வோம். உலையிலிருந்து எடுத்த கலப்பைக் கொழு நன்றாகச் சிவந்து இருக்கும்போது காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டாது. சிவப்பு மங்கி, கறுக்க ஆரம்பித்ததும் 'டக்' என்று போய் ஒட்டிக்கொள்ளும். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி செல்சியஸ். 1895இல் இதை முறையாக ஆராய்ந்த பியர் கியூரியின் பெயரில் கியூரி வெப்பநிலை என்பார்கள். பட்டறைக்காரருக்குக் கியூரியைத் தெரியாது, ஆனால் கொழு எப்போது தண்ணீரில் முக்கும் பதத்துக்கு வந்தது என்று காந்தத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் அவர் அப்பா காலத்திலேயே இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள வில்ஹெல்ம் லென்ஸ் 1920இல் ஒரு மாதிரியை முன்வைத்து, தன் மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங்கிடம் கொடுத்தார். வலைப்பின்னலின் ஒவ்வொரு கணுவிலும், அதாவது புள்ளியிலும், ஸ்பின் என்று ஒரு குட்டிக் காந்தம். அது மேலே பார்க்கும், இல்லாவிட்டால் கீழே பார்க்கும், வேறு வழி கிடையாது. தன்னோடு தொடுப்பு உள்ளவர்கள் பார்க்கிற திசையிலேயே தானும் பார்த்தால் அதற்குச் சௌகரியம், மாறிப் பார்த்தால் ஆற்றல் கூடுதலாகச் செலவாகும். வெப்பம் இதைக் கலைத்துக்கொண்டே இருக்கும். இழுப்பு ஒரு பக்கம், கலைப்பு ஒரு பக்கம், இரண்டில் எது ஜெயிக்கும் என்பதுதான் கேள்வி. எந்த வெப்பநிலையில் கூட்டத்தின் பொதுச் சாய்வு அற்றுப்போகிறதோ அதுதான் மாறுநிலை வெப்பநிலை, அங்கே நடப்பதுதான் நிலைமாற்றம்.

ஐசிங் 1925இல் வெளியிட்ட விடை: நேர்க்கோட்டுச் சங்கிலியில் நிலைமாற்றமே கிடையாது, துளி வெப்பம் இருந்தாலும் ஒழுங்கு குலைந்துவிடும். அது சரி. ஆனால் அதை வைத்து முப்பரிமாணத்திலும் அப்படித்தான் என்று அவர் முடிவு கட்டியது தப்பு. 1936இல் பைரல்ஸ் இரண்டு பரிமாணத்திலேயே ஒழுங்கு நிற்கும் என்று வாதம் வைத்தார், 1944இல் லார்ஸ் ஆன்சாகர் சதுரக் கட்டத்துக்குத் துல்லியமான விடையே கண்டுபிடித்தார். ஒரு தெருவை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பற்றிச் சொன்னது ஐசிங் செய்த பிழை. உங்கள் கட்டுரையாளர் சதுரக் கட்டத்தைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே சொல்லிவிட்டார்.

இப்போது அந்த நாலு பேருக்கு வருகிறேன். இழுப்பின் வலிமையை 1 என்று வைத்து, வெப்பநிலையை அந்த அளவிலேயே சொல்கிறேன். எல்லா ஏற்பாட்டிலும் ஆளுக்கு நாலு தொடுப்பு.

வாய்க்கால் கரையோரம் ஒற்றை வரிசையில் வீடுகள் இருக்கிற தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் இரண்டு வீடு, வலப்பக்கம் இரண்டு வீடு, மொத்தம் நாலு பேரோடு பழக்கம். இங்கே மாறுநிலை வெப்பநிலை பூஜ்யம். நாலு பேர் இருந்தும் சாய்வு நிற்காது. அதே நாலு பேரை வயல் கட்டம் மாதிரி வரப்புக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம், மேலே கீழே என்று வைத்தால் 2.269. இதுதான் ஆன்சாகரின் எண். சரி, இப்போது வரப்பை எல்லாம் மறந்துவிட்டு, ஊர் முழுக்கச் சீட்டுக் குலுக்கி ஆளுக்குச் சரியாக நாலு பேரைத் தொடுத்துவிடுங்கள், யார் யாருக்கு என்பது முழுக்கத் தற்செயல். 2.885. எல்லாருக்கும் சரியாக நாலு என்ற கட்டுப்பாட்டையும் விட்டுவிட்டு, சராசரி மட்டும் நாலாக இருக்கும்படி தொடுப்புகளை வாரி இறைத்தால் (ஏர்டெஷும் ரெனியும் 1959, 60 வாக்கில் ஆராய்ந்த வலைப்பின்னல் இது) 3.915.

பூஜ்யம், 2.269, 2.885, 3.915. நாலு அதே நாலுதான்.

ஏன் இப்படி என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம், வேலி போடுகிற கணக்கு போதும். எல்லாரும் மேலே பார்க்கும் கூட்டத்தில் ஆயிரம் பேரை மட்டும் கீழே திருப்ப வேண்டுமானால், அந்த ஆயிரம் பேரும் மற்றவர்களும் சேரும் எல்லையில் எத்தனை தொடுப்புக்குச் சண்டை பிடிக்க வேண்டும்? ஒற்றை வரிசைத் தெருவில் இந்த முனையில் மூன்று, அந்த முனையில் மூன்று, ஆக ஆறு. ஆயிரம் பேரோ லட்சம் பேரோ, அதே ஆறுதான். வெப்பத்துக்கு இது ஒன்றுமே இல்லை. சதுரக் கட்டத்தில் 32க்கு 32 என்று ஒரு சதுரம் எடுத்தால் 1,024 பேர், எல்லையில் 128 தொடுப்பு. சீட்டுக் குலுக்கிய பெரிய வலைப்பின்னலில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் ஆயிரம் பேரைப் பிரிக்க ஏறத்தாழ 2,000 தொடுப்பு. அங்கே வேலிதான் பெரிது, உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரும் எப்படியும் வெளியே யாரையோ தெரிந்துவைத்திருக்கிறார். அதனால் கலைக்க வெப்பம் அதிகம் தேவைப்படுகிறது.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். என் தங்கை மகள் கும்பகோணத்தில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தவள் ஒரு மாலையில் லேப்டாப்பில் எழுதிப் பார்த்தாள். 1953இல் மெட்ரோபோலிஸ் முதலியவர்கள் கொடுத்த வழிதான்: ஒரு ஸ்பின்னைத் தற்செயலாக எடு, திருப்பினால் ஆற்றல் குறைகிறதா, திருப்பிவிடு. கூடுகிறதா, வெப்பநிலைக்குத் தக்கபடி எப்போதாவது திருப்பு. அவ்வளவுதான் நிரல். பத்தாயிரம் கணு, ஆளுக்கு நாலு தொடுப்பு, வெப்பநிலை 2.5, எல்லாரும் மேலே பார்த்தபடி ஆரம்பம். அந்த 2.5 வேண்டுமென்றே எடுத்தது, கட்டத்தின் எண்ணுக்கும் குலுக்கலின் எண்ணுக்கும் நடுவில் இருக்கிறது. கட்டத்தில் கொஞ்ச நேரத்திலேயே திட்டுத்திட்டாகக் கறுப்பும் வெள்ளையும் முளைத்து, மேலே பார்ப்பவர்கள் பாதிக்குப் பாதியை ஒட்டியே ஆட ஆரம்பித்தார்கள். "மாமா, இது நிக்கவே மாட்டேங்குது" என்றாள். அதே நிரலில் தொடுப்புப் பட்டியலை மட்டும் சீட்டுக் குலுக்கியதாக மாற்றினோம், ஒரு வரி. நூற்றுக்கு 87 பேர் மேலே பார்த்தபடியே நின்றுவிட்டார்கள். கையால் கணக்குப் போட்டாலும் அதே 87 வருகிறது, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வர நேரமானது.

இன்னும் ஒன்று இருக்கிறது, கட்டுரை தொடவே தொடாதது. நம் ஊர்களில் எல்லாருக்கும் நாலு தொடுப்பா இருக்கிறது? உரக்கடைக்காரருக்கும் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவருக்கும் நூற்றுக்கணக்கில் இருக்கும், கடைசி வீட்டுப் பாட்டிக்கு இரண்டு. இதற்குக் கணக்கில் சராசரி போதாது, ஒவ்வொருவர் தொடுப்பு எண்ணிக்கையையும் வர்க்கப்படுத்தி அதற்கும் ஒரு சராசரி எடுக்க வேண்டும். ஐந்து பேருக்கு நாலு நாலாக இருந்தால் வர்க்கங்களின் சராசரி 16. அதையே நாலு பேருக்கு இரண்டிரண்டு, ஒருவருக்கு மட்டும் 12 என்று வையுங்கள். சராசரி அதே நாலு, ஆனால் வர்க்கங்களின் சராசரி 32. இந்த விகிதத்தில் ஆட்களைப் போட்டுக் குலுக்கிய பெரிய வலைப்பின்னலில் மாறுநிலை வெப்பநிலை 2.885இலிருந்து 6.95க்குத் தாவிவிடுகிறது. ஒரு தொடுப்புகூடக் கூட்டவில்லை!

பராபாசியும் ஆல்பர்ட்டும் 1999இல் சொன்ன வலைப்பின்னலில் புதிதாக வருகிறவர் ஏற்கெனவே நிறையத் தொடுப்பு உள்ளவரையே தேடிப் போய் ஒட்டிக்கொள்வார், பெரிய கடைக்கே கூட்டம் போகிற மாதிரி. ஆளுக்கு இரண்டு தொடுப்போடு வந்தால் சராசரி அங்கேயும் நாலுதான் வரும். ஆனால் 2002இல் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களும் கணிதத்தால் அணுகியவர்களும் கண்டது, வலைப்பின்னல் வளர வளர மாறுநிலை வெப்பநிலை நின்றபாடில்லை, கணுக்களின் எண்ணிக்கையின் மடக்கையைப் போல ஏறிக்கொண்டே போகிறது. எல்லையில்லாத வலைப்பின்னலில் எந்த வெப்பமும் அதைக் கலைக்காது. ஆக, நாலு தொடுப்பு என்ற ஒரே எண்ணுக்கு விடை பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை. இதைத்தான் உங்கள் கட்டுரை ஒரே வாக்கியத்தில் 'நாலு பேர் போதும்' என்று முடித்துவிட்டது.

அப்புறம் அந்தப் படம். கட்டுரைக்கு மேலே டெல்டாவின் ஆறு, வாய்க்கால் வரைபடத்தைப் போட்டு, கீழே 'தற்செயல் வலைப்பின்னலுக்கு நம் மண்ணின் உதாரணம்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆறு மா நிலம் இருக்கிறது, கடைமடை. அதனால் இதை என்னால் விட முடியவில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மறுபடி பிரிந்து கோரையாறும் பாமணியாறும் கிளம்புகின்றன. அதிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் வயல் மடை. இதில் தற்செயல் எங்கே இருக்கிறது? மட்டம் பார்த்து, சரிவு பார்த்து வெட்டியது. தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்கு வரும், கடைமடையிலிருந்து தலைமடைக்கு ஏறாது, நாங்கள் எத்தனை மனு கொடுத்தாலும். ஐசிங் மாதிரியிலோ தொடுப்பு இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்.

அதைவிட முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. வடிகால்கள் போய்ச் சேருவதை விட்டுவிட்டால் பாசன அமைப்பு ஒரு மரம். கிளை பிரியும், திரும்பச் சேராது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கணுவுக்கும் நாலு தொடுப்பு என்று ஒரு பெரிய மரம் வரைந்து பாருங்கள், மொத்தக் கணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு நுனியில்தான் இருக்கும். அதாவது மூன்றில் இரண்டு பேர் கடைமடை, அவர்களுக்கு ஒரே ஒரு தொடுப்பு. ஒரு மடையை அடைத்தால் அந்தக் கிளை முழுக்கப் பிரிந்துவிடும், எங்களுக்கு இது பாடமாக வேண்டியதில்லை. வெளிப்புலம் (எல்லாரையும் ஒரே பக்கம் திருப்பும் வெளி இழுப்பு) இல்லாமல், நுனிகளைச் சும்மா விட்டுவிட்டு மரத்துக்கு ஐசிங் கணக்கைப் போட்டால், வியப்பு என்னவென்றால் நேர்க்கோட்டுச் சங்கிலிக்கு வந்த அதே விடைதான் வருகிறது, எந்த வெப்பநிலையிலும் கணக்கில் உடைப்பு இல்லை. ஆனால் நுனியில் உள்ள எல்லாரையும் பிடித்து ஒரே பக்கம் பார்க்க வைத்துவிட்டால், 2.885க்குக் கீழே நடுவில் இருக்கும் தலைக்கணுவுக்கு அது எட்டிவிடுகிறது, மரம் எத்தனை பெரிதாக இருந்தாலும்.

அந்த எண்ணைக் கவனித்தீர்களா? சீட்டுக் குலுக்கியதற்கு வந்ததுதான். காரணம் இருக்கிறது. குலுக்கிய வலைப்பின்னலில் ஏதாவது ஒரு கணுவில் நின்று சுற்றிலும் சில தொடுப்புத் தூரம் பார்த்தால் மரம் மாதிரிதான் தெரியும். பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் நாலைந்து தாவல் போனால்தான் கிளைகள் ஒன்றையொன்று சந்தித்து வளையங்களாகும். நுனியே இல்லாத மரம், கடைமடை இல்லாத வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீண்ட வளையங்கள்தான் நுனியைப் பிடித்து நிறுத்துகிற கையின் வேலையைச் செய்கின்றன. எங்கள் ஊர் வரைபடத்தில் இல்லாதது எதுவோ அதுதான் இந்த விஷயத்தின் உயிர், அந்த வரைபடத்தையே உதாரணமாகப் போட்டுவிட்டீர்கள்.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்ததும் மொத்த டெல்டாவும் குறுவைக்கு இறங்குவது 'நிலைமாற்றத்தின் கண்கூடான காட்சி' என்று எழுதியதும் சரியில்லை. அது வெளிப்புலம். பெரிய காந்தத்தைக் கிட்டே கொண்டுவந்து எல்லா ஆணியையும் ஒரே பக்கம் திருப்புகிற சங்கதி. வெளியிலிருந்து ஒரு புலம் இருக்கும்போது, தொடுப்புகள் எல்லாம் ஒத்துப்போகவே இழுக்கும் ஐசிங் மாதிரியில் வெப்பநிலையை எப்படி மாற்றினாலும் நிலைமாற்றம் வராது என்று லீயும் யாங்கும் 1952இல் நிறுவினார்கள். யாரும் வெளியிலிருந்து சொல்லாமல், ஒருவரையொருவர் பார்த்தே கூட்டம் ஒரு பக்கம் சாய்வதற்குத்தான் அந்தப் பெயர். தண்ணீர் வந்தால் நாற்றங்கால் விடுவோம், வராவிட்டால் போர்வெல் வைத்திருப்பவர் மட்டும் விடுவார். இதில் அண்டை வீட்டாரைப் பார்க்க என்ன இருக்கிறது?

எந்த நெல் ரகம் போடுவது என்பதை உதாரணமாக எடுத்திருந்தால் கொஞ்சம் பொருந்தியிருக்கும். அங்கே உண்மையிலேயே ஆளை ஆள் பார்த்துத்தான் போடுகிறோம். ஆனால் அது மேலே, கீழே என்ற இரண்டு தேர்வு அல்ல, ஆடுதுறை 45, அம்பை 16, கோ 51 என்று மூன்றாவது வந்தாலே மாதிரி மாறிவிடும், அதற்குப் பாட்ஸ் மாதிரி என்று பெயர். சதுரக் கட்டத்தில் நாலு தேர்வு வரைக்கும் சாய்வு மெல்ல மெல்லத்தான் அற்றுப்போகும், ஐந்திலிருந்துதான் திடீரென்று உடையும். குலுக்கிய வலைப்பின்னலிலோ மூன்றிலேயே உடைந்துவிடும். அப்படி உடையும் இடத்தில் போகும்போது ஒரு வெப்பநிலையிலும், திரும்பி வரும்போது வேறொன்றிலும் மாறும். இங்கேயும் எண்ணிக்கை அல்ல, தொடுப்பு போட்டிருக்கிற விதம்தான். இருந்தாலும் இதை வைத்து விவசாயியின் மனசைக் கணக்குப் போட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். விதைநெல் கிடைத்ததா, கொள்முதலில் என்ன விலை, போன வருடம் எது சாய்ந்து படுத்தது என்பதெல்லாம் எந்த ஸ்பின்னுக்கும் தெரியாது.

ஒத்துப்போவது மட்டுமே தொடுப்பு என்று எடுத்துக்கொண்டதும் ஊரைப் பார்க்காத கணக்குதான். சில தொடுப்பு இழுக்கும், சில தொடுப்பு எதிர்ப்பக்கம் தள்ளும். மூன்று பேரில் ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் எதிராகவே நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், இரண்டு பக்கம் மட்டும் உள்ள உலகத்தில் யாராவது ஒரு ஜோடி ஒத்துப்போயே ஆக வேண்டும், முறைத் தண்ணீரில் தகராறு உள்ள மூன்று பங்காளிகளைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். இழுப்பும் தள்ளலும் தாறுமாறாகக் கலந்த அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு ஸ்பின் கண்ணாடி என்று பெயர். அவற்றின் உள்ளமைப்பை விளக்கிய ஜார்ஜோ பரிசிக்கு 2021இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. அதற்குத் தனிக் கட்டுரையே போடலாம், இதே கட்டுரையாளர் எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, நன்றாக எழுதுகிறவர்தான்.

திருத்தம் போடுவீர்கள் என்றால் நாலு வரி போதும். வரைபடத்தின் கீழே உள்ள வரியை எடுத்துவிடுங்கள், ஜூன் 12 பத்தியை எடுத்துவிடுங்கள், 'நாலு பேர் இருந்தால்' என்ற இடத்தில் 'அந்த நாலு பேர் எப்படித் தொடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து' என்று சேர்த்துவிடுங்கள். வாசகர் யாராவது கேட்டால் நிரலையும் அனுப்புகிறேன், இரண்டு பக்கம்தான் வரும், தங்கை மகள் தமிழிலேயே குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இன்று ராத்திரி எங்கள் வாய்க்காலுக்கு முறை, மடை திறக்கப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.